கேளுங்கள், சொல்கிறேன்: ஆம்புலன்ஸ் வளர்ந்த கதை

போன இதழில் மாரடைப்பு பற்றிய ஒரு கேள்விக்குப் பதில் சொல்லும்போது, ஆம்புலன்ஸுக்குள்ளேயே சிகிச்சை தொடங்குவது என்பது பரவலாகி அறுபது வருஷம்கூட ஆகவில்லை என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு நிறையப் பேர் எழுதிவிட்டீர்கள். அதனால் இந்த முறை பக்கம் முழுவதும் அதற்கே.

கேள்வி: ஆம்புலன்ஸைக் கொண்டுவந்தது நெப்போலியன் படையில் இருந்த ஒரு டாக்டர் என்கிறார்களே, உண்மையா?

பதில்: உண்மைதான். டொமினிக் ழான் லாரே என்ற அறுவை மருத்துவர். ஆனால் அவர் வண்டி செய்ததைவிட ஒரு விதியை உடைத்ததுதான் பெரிய காரியம் என்பேன். 1792-ல் அவர் பிரெஞ்சுப் படையில் சேர்ந்தபோது, மருத்துவ வண்டிகள் சண்டை நடக்கும் இடத்திலிருந்து ஒரு லீக், அதாவது நான்கைந்து கிலோமீட்டர் பின்னால்தான் நிற்க வேண்டும் என்பது விதி. சண்டை ஓய்ந்த பிறகுதான் காயம்பட்டவர்களைத் தேடிப் போவார்கள், அதற்குள் ஒரு பகலும் ஓர் இரவும் போய்விடும், பாதிப் பேர் ரத்தம் கொட்டியே செத்திருப்பார்கள். குதிரை பூட்டிய பீரங்கிகள் சண்டைக்கு நடுவிலேயே இங்கும் அங்கும் பாய்வதைப் பார்த்த லாரேக்கு, பீரங்கி போகிற வேகத்தில் மருத்துவரும் போகலாமே என்று தோன்றியது. இரண்டு குதிரைகள் இழுக்கும், இரண்டு சக்கரம் வைத்த இலகுவான வண்டி, குலுங்காமல் இருக்க ஸ்பிரிங், காற்றுக்குச் சின்ன ஜன்னல், உள்ளே மெத்தை, படுக்கையை இழுத்து வெளியே எடுக்க அடியில் உருளைகள். பாதை கரடுமுரடாக இருந்தால் நான்கு சக்கர வண்டி. எகிப்துப் படையெடுப்பில் குதிரை வண்டி மணலில் ஓடாது என்றதும் ஒட்டகத்தின் இரு பக்கமும் பெட்டி கட்டி ஆளைப் படுக்க வைத்துக் கொண்டுவந்தார்.

இன்னொன்றும் செய்தார். யாருக்குக் காயம் மோசமோ அவருக்குத்தான் முதல் சிகிச்சை, அவர் தளபதியா சிப்பாயா, நம்மவரா எதிரியா என்ற கேள்வி கிடையாது என்றார். இன்று பெரிய விபத்து நடந்த இடத்தில் நோயாளிகளுக்குச் சிவப்பு, மஞ்சள், பச்சைச் சீட்டு மாட்டுகிறார்களே, அதன் வேர் அங்கேதான்.

ஆனால் நல்ல யோசனை ஒன்று வந்துவிட்டால் உலகம் அதை உடனே பிடித்துக்கொள்ளும் என்று நினைத்துவிடாதீர்கள். எழுபது வருஷம் கழித்து, அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1862 ஆகஸ்டில் நடந்த இரண்டாவது புல் ரன் சண்டைக்குப் பிறகு காயம்பட்டவர்கள் நாள்கணக்கில் களத்திலேயே கிடந்தார்கள். வண்டி ஓட்டக் கூலிக்குப் பிடித்த ஆட்கள் குண்டுச் சத்தம் கேட்டதும் ஓடிப்போனார்கள். அதற்குப் பிறகுதான் ஜோனதன் லெட்டர்மன் என்ற ராணுவ மருத்துவர் போட்ட திட்டம் முழுதாக நடைமுறைக்கு வந்தது. வண்டிகள் மருத்துவத் துறையின் கட்டுப்பாட்டில், அதற்கென்றே பயிற்சி பெற்ற ஆட்கள், களத்தருகே கட்டுப்போடும் இடம், அதற்குப் பின்னால் அறுவை சிகிச்சைக் கூடாரம், அதற்கும் பின்னால் பெரிய மருத்துவமனை. சில வாரங்களிலேயே, செப்டம்பர் 17 அன்று, ஆன்டீட்டம் சண்டை. ஒரே நாளில் இரு தரப்பிலும் சேர்த்து சுமார் 23,000 பேர் செத்தோ, காயப்பட்டோ, காணாமலோ போனார்கள். லெட்டர்மன் இருந்த வடக்குப் படையின் காயம்பட்டவர்களை ஒரு நாளுக்குள் களத்திலிருந்து அப்புறப்படுத்திவிட்டார்கள். அதே படை, அதே மாதிரியான வண்டிகள். யார் பொறுப்பு என்பது மட்டும்தான் மாறியிருந்தது.

கேள்வி: தண்ணீரில் மூழ்கியவரைப் பிழைக்க வைக்க அந்தக் காலத்தில் புகையிலைப் புகையை ஆசனவாய் வழியாக ஊதினார்கள் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். நம்ப முடியவில்லை.

பதில்: நம்பலாம். 1767-ல் ஆம்ஸ்டர்டாமில் நீரில் மூழ்கியவர்களைக் காப்பாற்ற ஒரு சங்கம் தொடங்கினார்கள், 1774-ல் லண்டனிலும் அதேபோல ஒன்று வந்தது. உடம்பைச் சூடாக்குங்கள், வாயோடு வாய் வைத்து ஊதுங்கள், கூடவே புகையிலைப் புகையையும் பின்வழியாக ஊதுங்கள் என்பது அவர்கள் அறிவுரை. தேம்ஸ் நதிக்கரையில் அங்கங்கே துருத்தியும் குழாயும் கொண்ட பெட்டிகள் இருந்தன. புகையிலை நஞ்சு இதயத்தைப் பாதிக்கும் என்று 1811-ல் பெஞ்சமின் புரோடி என்ற ஆங்கிலேய மருத்துவர் காட்டிய பிறகு அந்தப் பழக்கம் மெல்ல மறைந்தது.

இதைச் சிரித்துவிட்டுக் கடந்துபோக எனக்கு மனசு வரவில்லை. ஏனென்றால் அதே சங்கங்கள் செய்த மற்ற காரியங்களைப் பாருங்கள்: ஆபத்து நடக்கும் இடத்திலேயே கருவியை வைத்தார்கள், பொதுமக்களுக்குச் செய்முறையை அச்சடித்துக் கொடுத்தார்கள், முயற்சி செய்தவருக்குப் பரிசுப் பணம், மூழ்கியவரைக் கொண்டுவந்து கிடத்தத் தன் வீட்டுக் கதவைத் திறந்துவிட்டவருக்கும் பணம். செத்தவன் என்று நினைத்து யாரும் உள்ளே விடமாட்டார்கள் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. இன்று விமான நிலையத்துச் சுவரில் டிஃபிப்ரிலேட்டர், அதாவது தாறுமாறாகத் துடிக்கும் இதயத்துக்கு மின் ஷாக் கொடுத்துச் சீராக்கும் கருவி, பெட்டியில் தொங்குவதும் இதே எண்ணம்தான்.

வருத்தம் என்னவென்றால், புகையிலையோடு சேர்த்து வாயோடு வாய் வைத்து ஊதுவதையும் கைவிட்டுவிட்டார்கள். அப்புறம் நூறு வருஷத்துக்கும் மேலாக, மயங்கியவரின் கையைத் தூக்கி இறக்குவது, முதுகை அமுக்குவது என்றே ஓடியது.

கேள்வி: போர்க்களம் சரி. ஊருக்குள் சாதாரண மக்களுக்கு ஆம்புலன்ஸ் எப்போது வந்தது?

பதில்: போரிலிருந்து திரும்பிய மருத்துவர்கள் கொண்டுவந்ததுதான். அமெரிக்காவின் சின்சினாட்டியில் ஒரு மருத்துவமனை 1865-ல் தொடங்கியது. 1869-ல் நியூயார்க்கின் பெல்வியூ மருத்துவமனையில், உள்நாட்டுப் போரில் வேலை பார்த்த எட்வர்ட் டால்டன் என்ற மருத்துவர் ஏற்படுத்திய சேவைதான் பலருக்கும் மாதிரியாக இருந்தது. காவல் நிலையத்திலிருந்து தந்தி வந்ததும் மணி அடிக்கும். குதிரையின் சேணத்தைத் தேடிப் பூட்ட நேரம் ஆகும் என்பதால் அதைக் கூரையிலிருந்து தொங்கவிட்டிருப்பார்கள், இறக்கி மாட்டினால் அரை நிமிடத்தில் வண்டி தயார். இருக்கைக்கு அடியில் ஒரு பெட்டி. அதில் ஒரு குவார்ட் (ஒரு லிட்டருக்குச் சற்றுக் குறைவு) பிராந்தி, ரத்தத்தை நிறுத்தும் இறுக்குப் பட்டைகள், கட்டுத் துணிகள், சின்னச் சின்னப் பஞ்சுகள், எலும்பு முறிவுக்குக் கட்டை, பழைய கம்பளித் துண்டுகள். அன்றைய முழு அவசர சிகிச்சையும் அந்தப் பெட்டிக்குள்தான். வண்டியோடு ஓர் இளம் டாக்டரும் போனார்.

லண்டனில் கதை வேறு. அங்கே பெரிய அளவில் நடத்தியது தொற்றுநோய்க்காரர்களை ஏற்றிச் செல்லும் வண்டிகளை. 1880-களில் பெரியம்மை வந்தவர்களைத் தேம்ஸ் நதியில் படகில் ஏற்றி, ஊருக்கு வெளியே நங்கூரம் போட்டிருந்த மருத்துவக் கப்பல்களுக்குக் கொண்டுபோனார்கள். அது அவசர சேவை என்பதைவிட, நோயாளியை ஊரைவிட்டு ஒதுக்குகிற ஏற்பாடு.

வியன்னாவுக்கு ஒரு பேரழிவு தேவைப்பட்டது. 1881 டிசம்பர் 8 அன்று ரிங் தியேட்டர் தீப்பிடித்து நூற்றுக்கணக்கானோர் கருகிச் செத்தார்கள். வெளியே கிடத்தப்பட்டவர்களுக்கு என்ன செய்வது என்று ஒழுங்கு சொல்ல யாரும் இல்லை. மறுநாளே யாரோமிர் முண்டி என்ற மருத்துவரும் இரண்டு பிரபுக்களும் சேர்ந்து தன்னார்வ மீட்புச் சங்கம் ஆரம்பித்தார்கள். அதே காலத்தில் இங்கிலாந்தில் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் 1877 முதலும், ஜெர்மனியில் எஸ்மார்க் என்ற அறுவை மருத்துவர் 1882 முதலும் சாதாரண ஆட்களுக்கு முதலுதவி வகுப்பு எடுத்தார்கள். டாக்டர் அல்லாதவர் கையில் வைத்தியத்தைக் கொடுக்கலாமா என்று அப்போதே முணுமுணுப்பு எழுந்தது. அந்த முணுமுணுப்பு இன்றுவரை ஓயவில்லை, கீழே வருகிறேன்.

கேள்வி: பிரிட்டனில் அவசர எண்ணுக்கு 999 என்று ஏன் வைத்தார்கள்? 111 சுலபமாயிற்றே.

பதில்: 1935 நவம்பரில் லண்டன் விம்போல் தெருவில் ஒரு வீடு தீப்பிடித்து ஐந்து பெண்கள் இறந்தார்கள். பக்கத்தில் இருந்த ஒருவர் தீயணைப்புப் படைக்குப் போன் போட்டார்; எக்ஸ்சேஞ்சில் மற்ற அழைப்புகளோடு அவருடைய அழைப்பும் வரிசையில் காத்திருந்தது. கோபத்தில் அவர் பத்திரிகைக்குக் கடிதம் எழுத, விசாரணை நடந்து, 1937 ஜூன் 30 அன்று 999 தொடங்கியது. 111 வேண்டாம் என்றதற்குக் காரணம், அந்தக் காலத்துச் சுழற்று போனில் கம்பிகள் காற்றில் உரசினாலே 1 என்ற துடிப்பு பதிவாகிவிடும், பொய் அழைப்பு குவியும். 9 என்றால் டயலின் ஓரத்தில் இருப்பதால் புகையிலும் இருட்டிலும் விரலால் தடவியே கண்டுபிடிக்கலாம், காசு போடும் போனிலும் காசில்லாமல் அழைக்கும்படி மாற்றலாம். அழைப்பு வந்தால் எக்ஸ்சேஞ்சில் சிவப்பு விளக்கு எரியும், ஒரு ஹாரன் அலறும். முதல் வாரத்திலேயே 1,336 அழைப்புகள். ஒரு சாதாரண மனிதர் கோபப்பட்டு எழுதிய கடிதம் இத்தனை உயிருக்கு உதவியிருக்கிறது!

அமெரிக்காவில் 911 என்ற எண்ணில் முதல் அழைப்பு 1968 பிப்ரவரி 16 அன்று அலபாமாவின் ஹேலிவில் என்ற சின்ன ஊரில். ஐரோப்பா முழுமைக்கும் 112 என்று முடிவானது 1991-ல். நடுவில் மேற்கு ஜெர்மனியில் நடந்த ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. 1969 மே மாதம் பியோர்ன் ஸ்டைகர் என்ற எட்டு வயதுப் பையன் மீது கார் மோதியது. ஆம்புலன்ஸ் வர ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆனது. பையன் காயத்தால் சாகவில்லை, உடம்பில் ரத்த ஓட்டம் குறைந்துபோகும் அதிர்ச்சி நிலை முற்றியதால் போகிற வழியில் செத்தான். பெற்றோர் அவன் பெயரில் ஓர் அறக்கட்டளை தொடங்கி, வண்டிகளில் வயர்லெஸ் வேண்டும், நாடு முழுக்க ஒரே எண் வேண்டும் என்று வருஷக்கணக்கில் அரசோடு மல்லுக்கட்டி, இரண்டையும் வாங்கிக் கொடுத்தார்கள்.

கேள்வி: அமெரிக்காவில் ஒரு காலத்தில் பிணம் ஏற்றும் வண்டிதான் ஆம்புலன்ஸாக ஓடியதாமே? இவ்வளவு வசதியான நாட்டிலா?

பதில்: ஆமாம், அதுவும் 1960-கள் வரைக்கும். ஆளை நீட்டிப் படுக்கவைக்கும் அளவுக்கு நீளமான வண்டி சவ அடக்கம் செய்கிறவர்களிடம்தான் இருந்தது, அதனால் நாட்டின் ஆம்புலன்ஸ் சேவையில் ஏறத்தாழப் பாதி அவர்கள் கையில். ஓட்டுநர் ஒருவர், சில சமயம் கூட ஒருவர், அவ்வளவுதான். பின்னால் படுத்திருப்பவர் பக்கத்தில் உட்காரக்கூட ஆள் இருக்காது. 1966-ல் அந்நாட்டு அறிவியல் அகாதமி ஒரு அறிக்கை வெளியிட்டது. முந்தைய ஆண்டில் மட்டும் விபத்துகளில் 1,07,000 பேர் இறந்ததையும், அவர்களை ஏற்றிச் செல்கிறவர்களுக்கு முறையான பயிற்சியே இல்லாததையும் அது பட்டவர்த்தனமாகப் போட்டு உடைத்தது. சாலை விபத்தில் அடிபடுவதைவிடப் போர்க்களத்தில் அடிபட்டவருக்குப் பிழைக்க வாய்ப்பு அதிகம் என்ற அளவுக்கு நிலைமை இருந்தது. அதற்குப் பிறகுதான் பயிற்சிக்குப் பாடத்திட்டம், வண்டிக்கு அளவுகள், சட்டம் எல்லாம்.

ஆனால் உண்மையான மாற்றத்தைச் செய்து காட்டியவர்கள் பிட்ஸ்பர்க் நகரத்தின் கறுப்பின இளைஞர்கள். இந்தப் பகுதியைக் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன், ஏனென்றால் பல வருஷம் இதை யாரும் பேசவில்லை. அந்த ஊரில் ஆம்புலன்ஸ் வேலையைப் போலீஸ் வேன்தான் செய்தது. ஹில் டிஸ்ட்ரிக்ட் என்ற கறுப்பினக் குடியிருப்பிலிருந்து அழைத்தால் வேன் தாமதமாக வரும், வராமலும் போகும். பீட்டர் சஃபார் என்ற மயக்கவியல் மருத்துவர் அங்கே பல்கலைக்கழகத்தில் இருந்தார். 1966-ல் அவருடைய மகள் ஆஸ்துமா தாக்கி இறந்தாள். அதே வருஷம் அந்த மாநிலத்தின் முன்னாள் ஆளுநர் ஒருவர் மேடையில் சரிந்து விழ, அவரையும் போலீஸ் வேனில்தான் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார்கள், அவர் பிழைக்கவில்லை. ஆக, பெரிய மனிதருக்கும் அதே வேன்தான்.

1967-ல் சஃபாரும் ஃப்ரீடம் ஹவுஸ் என்ற அமைப்பும் கைகோத்தார்கள். வேலை கிடைக்காதவர்கள், பள்ளிப் படிப்பை முடிக்காதவர்கள், வியட்நாம் போரிலிருந்து திரும்பியவர்கள், இவர்களைச் சேர்த்து 300 மணி நேரத்துக்குக் குறையாத பயிற்சி. உடற்கூறியல், மூச்சுக்குழாயைத் திறந்து வைப்பது, இதயத்துடிப்பை மீட்பது, அறுவை அரங்கில் நேரடி அனுபவம். முதல் வருஷத்திலேயே ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட அழைப்புகளுக்கு ஓடினார்கள். 1974-ல் பொறுப்பேற்ற நான்சி கரோலின் என்ற இளம் டாக்டர் அவர்களோடேயே வண்டியில் போய், அந்த அனுபவத்தை வைத்து எழுதியதுதான் நாடு முழுமைக்கும் பாராமெடிக்குகளுக்கான (டாக்டர் அல்லாத, அவசர சிகிச்சையில் பயிற்சி பெற்ற ஆம்புலன்ஸ் ஊழியர்கள்) பாடத்திட்டம் ஆனது. பலன்? 1975-ல் நகராட்சி தன் சொந்தச் சேவையைத் தொடங்கி இதை மூடியது. வேலைக்கு எடுத்துக்கொள்ளப்பட்டவர்களையும் புதுப்புதுத் தேர்வுகள் வைத்தும், அனுபவம் குறைந்தவர்களுக்குக் கீழே போட்டும், கொஞ்சம் கொஞ்சமாக வெளியே தள்ளினார்கள். பாடம் எழுத உதவியவர்களையே அந்தப் பாடத்தில் தேறவில்லை என்று சொல்லி அனுப்பியது கொடுமை, வேறு வார்த்தை எனக்குத் தெரியவில்லை.

கேள்வி: மாரடைப்பு வந்தவருக்கு வண்டியிலேயே ஷாக் கொடுக்கும் முறையைத் தொடங்கியது யார்?

பதில்: வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரத்து டாக்டர் ஃபிராங்க் பேண்ட்ரிட்ஜ். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியரிடம் கைதியாகச் சிக்கி, பர்மா ரயில் பாதைக் கொடுமையில் செத்துப் பிழைத்தவர். மாரடைப்பில் இறப்பவர்களில் மிகப் பலர் முதல் ஓரிரு மணி நேரத்துக்குள், மருத்துவமனை வாசலை மிதிப்பதற்கு முன்பே இறக்கிறார்கள் என்று கணக்குகள் சொன்னபோது, அப்படியானால் நாம் வார்டில் உட்கார்ந்துகொண்டு யாருக்குக் காத்திருக்கிறோம் என்று கேட்டார். 1966 ஜனவரியில் ஒரு பழைய ஆம்புலன்ஸில் கார் பேட்டரிகளைக் கோத்து டிஃபிப்ரிலேட்டரை ஓட்டினார். அந்தக் கருவி சுமார் 70 கிலோ! ஒரு முழு ஆள் எடை. இரண்டே வருஷத்தில் அதை 3 கிலோ அளவுக்குச் சுருக்கிவிட்டார்கள். 1967-ல் லான்செட் என்ற மருத்துவ இதழில் அவரும் உடன் வேலை பார்த்த கெடெஸும் எழுதிய கட்டுரையைப் படித்துவிட்டுப் பல நாட்டு டாக்டர்கள் தங்கள் ஊரில் முயன்றார்கள்.

எல்லா வண்டிக்கும் டாக்டர் கிடைக்கமாட்டார் என்பதால், மயாமியில் யூஜின் நேகல் என்ற டாக்டர் தீயணைப்பு வீரர்களுக்கே பயிற்சி கொடுத்து, நோயாளியின் இசிஜியை ரேடியோ வழியாக மருத்துவமனைக்கு அனுப்ப வைத்தார். சியாட்டிலில் லெனர்ட் காப் 1970-ல் தொடங்கிய சேவை ஒரு படி மேலே போனது: பாராமெடிக் எவ்வளவு வேகமாக வந்தாலும் அதற்குள் மூளை செத்துவிட்டால் பயனில்லை என்பதால், ஊர் மக்களுக்கே சிபிஆர், அதாவது மார்பை அழுத்தியும் வாயோடு வாய் ஊதியும் உயிர் மீட்கும் முதலுதவியை, சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார்கள். இதயம் நின்றவருக்கு யாரும் சிபிஆர் செய்யாமல் விட்டால், ஷாக் தாமதமாகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவிகிதம் குறைகிறது. சிபிஆர் செய்தால் அந்தச் சரிவு பாதியாகக் குறையும். எந்த ஊரின் ஆம்புலன்ஸும் இந்தக் கணக்கோடு தனியாகப் போட்டி போட முடியாது.

கேள்வி: சிபிஆர் வகுப்பில் வைத்திருக்கும் பொம்மைக்கு ஒரு செத்துப்போன பெண்ணின் முகம் என்று தோழி சொன்னாள். பயமாக இருக்கிறது.

பதில்: பயப்பட ஒன்றும் இல்லை. நூறு வருஷத்துக்கு முன்னால் ஐரோப்பிய வீடுகளில் ஒரு பெண்ணின் முகமூடி அலங்காரமாகத் தொங்கும். பாரிஸில் சேன் நதியில் கிடைத்த பெயர் தெரியாத பெண்ணின் முகம் அது என்று கதை. கதை நிஜம்தானா என்பதற்கு ஆதாரம் கிடையாது. சஃபாரும் ஜேம்ஸ் ஈலமும் 1950-களில், மயக்க மருந்து கொடுத்து மூச்சை நிறுத்திவைத்த தன்னார்வலர்களை வைத்துச் சோதித்து, கையைத் தூக்கி இறக்குவதைவிட வாயோடு வாய் ஊதுவதே சிறந்தது என்று நிரூபித்தார்கள். 1960-ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் கூவன்ஹோவன் என்ற மின் பொறியாளரும் இரண்டு சகாக்களும், மார்பைத் திறக்காமல் வெளியிலிருந்தே அழுத்தி ரத்தத்தை ஓட வைக்கலாம், இரண்டு கைகள் போதும் என்று எழுதினார்கள். இரண்டையும் ஜனங்களுக்குப் பழக்க ஒரு பொம்மை வேண்டுமே? நார்வேயில் பொம்மை செய்துகொண்டிருந்த ஆஸ்மண்ட் லேர்டால் அதைச் செய்தார். தண்ணீரில் மூழ்கவிருந்த தன் சின்ன மகனை அவரே ஒருமுறை காப்பாற்றியவர். முகத்துக்கு அந்த முகமூடியை மாதிரியாக எடுத்துக்கொண்டார். தோழியையும் கூட்டிக்கொண்டு வகுப்புக்குப் போங்கள்.

கேள்வி: ஹெலிகாப்டர் ஆம்புலன்ஸ், விமான ஆம்புலன்ஸ் எல்லாம் பணக்காரர்களுக்காக வந்ததுதானே?

பதில்: இல்லை, தொடக்கம் நேர் எதிர். ஆஸ்திரேலியாவின் உள்நாட்டில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு டாக்டரே இல்லாத பண்ணைகளுக்காக, ஜான் ஃப்ளின் என்ற பாதிரியார் 1928 மே மாதம் க்ளான்கரி ஊரில் விமான மருத்துவச் சேவையைத் தொடங்கினார். விமானம் இருந்தால் மட்டும் போதாது, கூப்பிடுவது எப்படி? மின்சாரமும் இல்லை. ஆல்ஃபிரட் ட்ரேகர் என்ற பொறியாளர், சைக்கிள் மிதிப்பதுபோலக் காலால் மிதித்து மின்சாரம் எடுக்கும் வயர்லெஸ் கருவியைச் செய்துகொடுத்தார். எனக்கு ரொம்பப் பிடித்தது 1942-ல் வந்த மருந்துப் பெட்டிதான். லூசி கார்லிக் என்ற செவிலியரின் யோசனை. ஒவ்வொரு பண்ணையிலும் ஒரே மாதிரிப் பெட்டி, ஒவ்வொரு மருந்துக்கும் ஓர் எண். வயர்லெஸில் டாக்டர் எண்ணைச் சொன்னால் போதும், அந்தப் பக்கம் இருப்பவர் பெயரை எழுத்துக்கூட்டிப் படித்துத் தடுமாற வேண்டியதில்லை.

ஹெலிகாப்டர் மீட்பு முதலில் நடந்தது 1944-ல், பர்மா காட்டில். கொரியப் போரில் காயம்பட்டவர்களை ஹெலிகாப்டருக்கு வெளியே, இரண்டு பக்கமும் கட்டிய ஸ்ட்ரெச்சரில் கொண்டுபோனார்கள், பறக்கும்போது தொட்டுப் பார்க்கக்கூட முடியாது. வியட்நாமில்தான் உள்ளே படுக்கவைத்து வழியிலேயே கவனிக்க முடிந்தது.

கேள்வி: விபத்து நடந்து ஒரு மணி நேரத்துக்குள் சேர்த்துவிட்டால் பிழைத்துவிடலாம் என்கிறார்களே, அந்த 60 நிமிடம் எப்படிக் கணக்கிட்டது?

பதில்: கணக்கிடவே இல்லை. மேரிலாந்தில் விபத்து சிகிச்சைக்கென்றே மையம் அமைத்த ஆர். ஆடம்ஸ் கவுலி என்ற அறுவை மருத்துவர், ஜனங்களுக்கும் அரசியல்வாதிகளுக்கும் அவசரம் உறைக்க வேண்டும் என்று பொன்னான ஒரு மணி நேரம் பற்றிப் பேசினார், அது பற்றிக்கொண்டது. 2001-ல் இரண்டு ஆய்வாளர்கள் பழைய கட்டுரைகளையெல்லாம் துருவிப் பார்த்தபோது, சரியாக 60 நிமிடம் என்பதற்கு ஆதாரமான ஆய்வு எதுவும் கிடைக்கவில்லை. சீக்கிரம் போவது நல்லது என்பதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் பெரிய ரத்தக்குழாய் அறுந்தவருக்கு ஐந்து நிமிடம்கூட அதிகம்.

கேள்வி: முன்பெல்லாம் ரத்தம் வந்தால் மேலே இறுக்கிக் கட்டக் கூடாது, கை அழுகிவிடும் என்றார்கள். இப்போது பயிற்சியில் கட்டச் சொல்கிறார்கள். எது சரி?

பதில்: இப்போது சொல்வதுதான் சரி, ஒரு நிபந்தனையோடு. கையிலோ காலிலோ ரத்தம் பீறிடுகிறது, துணி வைத்து அழுத்தியும் நிற்கவில்லை என்றால் மட்டும், அதற்கென்று உள்ள பட்டையை வைத்து இறுக்க வேண்டும், கட்டிய நேரத்தைக் குறித்துவைக்க வேண்டும். முதல் உலகப் போரில் மணிக்கணக்கில் கட்டிவைத்துக் கை கால் போன அனுபவத்தால் அதற்குக் கெட்ட பெயர் வந்தது. ஈராக், ஆப்கானிஸ்தான் போர்களில் காயம்பட்டவர்கள் சீக்கிரமே அறுவை அரங்குக்குப் போனார்கள், பட்டையும் தரமானது, உயிர்கள் பிழைத்தன. சட்டையைக் கிழித்து முறுக்குவதும் கயிற்றால் கட்டுவதும் வேண்டாம்.

முதல் உலகப் போர் என்றதும் இன்னொன்று: தொடை எலும்பு முறிந்த சிப்பாய்களில் எண்பது சதவிகிதம் வரை இறந்ததாக ஆரம்பத்தில் பதிவாகியிருக்கிறது. களத்திலேயே, பூட்ஸைக்கூடக் கழற்றாமல், தாமஸ் ஸ்பிளின்ட் என்ற கம்பிச் சட்டத்தில் காலை நீட்டிக் கட்டிய பிறகு, 1917-ல் அது இருபதுக்குக் கீழே வந்தது. எலும்பு ஆடி உள்ளே கிழித்து ரத்தம் கொட்டுவது நின்றதுதான் முக்கியக் காரணம்.

கேள்வி: ஆம்புலன்ஸில் டாக்டர் வருவது நல்லதா, பாராமெடிக் போதுமா?

பதில்: மேலே சொன்ன பழைய முணுமுணுப்பு இதுதான். பிரான்சிலும் ஜெர்மனியிலும் தீவிரமான அழைப்புக்கு டாக்டரே வருவார், வீட்டிலோ சாலையிலோ வைத்தே நிறையச் செய்வார்கள். பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் பெரும்பாலும் பாராமெடிக்தான், முடிந்ததைச் செய்துவிட்டுக் கிளம்புவார்கள். எது மேல் என்று ஒரே வரியில் சொல்ல முடியாது, நோயைப் பொறுத்தது. உள்ளுக்குள் ரத்தம் கொட்டுகிறவருக்கு அறுவை அரங்குதான் மருந்து, அவரைச் சாலையில் வைத்துக்கொண்டிருக்கக் கூடாது. இதயம் நின்றவரை அங்கேயே வைத்துத்தான் பார்க்க வேண்டும். கனடாவின் ஒன்டாரியோவில் ஆயிரக்கணக்கான நோயாளிகளை வைத்துச் செய்து 2004-ல் வெளியான ஆய்வில், சீக்கிரம் ஷாக் கொடுக்கும் ஏற்பாடு ஏற்கெனவே இருந்த ஊர்களில், அதற்கு மேல் ஊசி, குழாய் என்று உயர்சிகிச்சையைச் சேர்த்தும் இதயம் நின்றவர்களில் கூடுதலாக யாரும் பிழைக்கவில்லை. என் கருத்தைக் கேட்டால், யார் வருகிறார் என்பதைவிட எத்தனை நிமிடத்தில் யாராவது கையை வைக்கிறார் என்பதில் பணத்தைப் போட வேண்டும். சிகாகோ விமான நிலையங்களில் சுவரில் டிஃபிப்ரிலேட்டர் வைத்துப் பார்த்தபோது, இதயம் தாறுமாறாகத் துடித்துச் சரிந்த 18 பேரில் 11 பேரை மீட்டார்கள். கருவியை எடுத்துப் பயன்படுத்தியவர்களில் பலர் அந்த வழியாகப் போன பயணிகள்தான்.

கேள்வி: அவசர எண்ணுக்கு அழைத்தால் வண்டியை அனுப்பாமல் ஆயிரம் கேள்வி கேட்கிறார்கள். ஏன் இப்படி நேரத்தை வீணடிக்கிறார்கள்?

பதில்: உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் ஒழுங்காக நடக்கும் மையங்களில் நீங்கள் இடத்தைச் சொன்ன உடனேயே வண்டி கிளம்பிவிடும், கேள்விகள் அதற்குப் பிறகும் தொடரும். 1970-களின் கடைசியில் சால்ட் லேக் சிட்டியில் ஜெஃப் கிளாசன் என்ற டாக்டர், போனை எடுப்பவர் என்ன கேட்க வேண்டும், பதிலுக்குத் தகுந்தபடி என்ன சொல்ல வேண்டும் என்று அட்டைகளில் எழுதிக்கொடுத்தார். சியாட்டில் பகுதியில் 1980-களின் தொடக்கத்திலிருந்து, போனில் இருப்பவரே அழைத்தவருக்கு மார்பை அழுத்தச் சொல்லிக்கொடுத்தார். அதிலிருந்து போனை எடுக்கிறவரும் சிகிச்சை செய்கிறவர்தான்.

அதனால் முதலில் இடத்தைச் சொல்லுங்கள், பக்கத்தில் இருக்கும் அடையாளத்தோடு. அப்புறம் நோயாளிக்கு நினைவு இருக்கிறதா, மூச்சு விடுகிறாரா என்ற இரண்டையும் பார்த்துச் சொல்லுங்கள். நினைவில்லாமல், விட்டு விட்டு வாயைத் திறந்து திணறுவது மூச்சு ஆகாது. அதை மூச்சு என்று நினைத்துச் சும்மா இருந்துவிடுகிறார்கள், நிறையப் பேர் போவது இதில்தான். அப்படி இருந்தால் போனை ஸ்பீக்கரில் போட்டுத் தரையில் வைத்துவிட்டு, மார்பின் நடுவில் இரண்டு கையையும் வைத்து, பெரியவருக்கு ஐந்து செ.மீ.க்குக் குறையாமல், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்துங்கள். வண்டி வந்து அவர்கள் கை வைக்கும் வரை நிறுத்த வேண்டாம், லைனையும் நீங்களாகத் துண்டிக்க வேண்டாம்.